‘அது’ என்று தயங்குகிறவர்களுக்கு: பாலியல் சிகிச்சைக்கு முதன்முறையாகப் போவது எப்படி?

அந்த அறையில் நான் சொன்ன முதல் வாக்கியம், “எங்களுக்குள் அது நடப்பதில்லை” என்பதுதான். எதிரே இருந்த சிகிச்சையாளர் அவசரப்படாமல் காத்திருந்தார். பிறகு, “அது என்றால் எது? உங்களுக்குத் தெரிந்த எந்த வார்த்தையானாலும் சரி” என்றார். எனக்கு வார்த்தை வரவில்லை. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. முயற்சி, வலி, பயம், தள்ளிப்போடுதல், மறுபடி முயற்சி, மறுபடி வலி என்று போய்க்கொண்டிருந்ததை நானும் என் கணவரும் ஒருநாளும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. ‘அது’, ‘அந்த விஷயம்’, இவ்வளவுதான் எங்கள் சொல்வளம். பெயர் சூட்டப்படாத ஒன்றுக்கு உதவி கேட்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது.

அதே வாசலில் இன்று நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. சிகிச்சை எடுத்துக்கொண்டவள், அதற்குப் பிறகு இது பற்றித் தேடித் தேடிப் படித்தவள். முன்பே யாராவது இவற்றைச் சொல்லியிருந்தால் இரண்டு ஆண்டுகளாவது மிச்சமாகியிருக்கும் என்று தோன்றுகிறவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பெரிய பயத்தை இறக்கி வைத்துவிடலாம். பாலியல் சிகிச்சை என்பது பேச்சு வழியாக நடக்கும் சிகிச்சை. உட்கார்ந்து பேசுவீர்கள், கேள்விகள் கேட்கப்படும், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகள் சொல்லித் தரப்படும். ஆடை களைய வேண்டியதில்லை. அந்த அறையில் யாரும் யாரையும் பாலியல் நோக்கில் தொடுவதில்லை. பயிற்சிகள் எல்லாம் உங்கள் வீட்டில், உங்கள் கதவுக்குப் பின்னால் மட்டுமே. உடல் பரிசோதனை தேவைப்பட்டால் அதை ஒரு மருத்துவர் செய்வார். எதற்காக என்று விளக்கி, உங்கள் சம்மதம் கேட்டு, நீங்கள் விரும்பினால் உடன் ஒருவரை வைத்துக்கொண்டு செய்வார். இதற்கு மாறாக எது நடந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று யோசிக்கவே வேண்டாம்.

யார் போகலாம் என்றால், வருத்தம் இருப்பவர் யாரும் போகலாம். ஆசை குறைந்துபோனவர்கள், விறைப்பு வராமலோ நிலைக்காமலோ தவிப்பவர்கள், விந்து முந்துகிறவர்கள், உச்சம் எட்டாதவர்கள், வலியால் உடலுறவு கொள்ள முடியாதவர்கள், பிரசவத்துக்கோ புற்றுநோய் சிகிச்சைக்கோ பிறகு பழைய நெருக்கம் திரும்பாதவர்கள், இருவரில் ஒருவருக்கு அதிகமாகவும் ஒருவருக்குக் குறைவாகவும் ஆசை இருக்கிற தம்பதிகள் என எல்லோரும் வருகிறார்கள். தனியாக வாழ்பவர்கள் வருகிறார்கள். ஒருபாலினத் துணையோடு வாழ்பவர்களும் வருகிறார்கள். வாரத்துக்கு எத்தனை முறை என்ற கணக்கு எதுவும் இங்கே அளவுகோல் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறி கையேடு பெரும்பாலான பாலியல் குறைபாடுகளுக்கு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது: சிக்கல் ஏறக்குறைய ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், அது அந்த நபருக்கு உண்மையான மனவேதனையைத் தர வேண்டும். பாலியல் ஆசையே இல்லாமல் நிம்மதியாக வாழும் ஒருவருக்கு எந்த நோயும் இல்லை. ஆனால் ஆறு மாதம் ஆகட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கு நோய்க்குப் பெயரிடுவதற்குத்தான். உதவி கேட்க வேதனை ஒன்றே போதும்.

முதல் படி: உடலைப் பார்த்துவிடுங்கள்

நேரே ஆலோசகரிடம் ஓடுவதற்கு முன் ஒரு பொது மருத்துவரையோ மகப்பேறு மருத்துவரையோ சிறுநீர்ப்பாதை மருத்துவரையோ (யூராலஜிஸ்ட்) பாருங்கள். மனம்தான் காரணம் என்று முடிவுகட்டிவிட்டு உடல் நோயைத் தவறவிட்டவர்கள் உண்டு. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், தைராய்டுக் கோளாறு, ஹார்மோன் குறைபாடு ஆகியவை ஆசையையும் விறைப்பையும் பாதிக்கும். மன அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகள் ஆசையைக் குறைத்து உச்சத்தைத் தாமதப்படுத்தும். ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் அப்படித்தான். இதைப் படித்ததும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதித் தந்தவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்க்க வழி இருக்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகும், தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சியும் எரிச்சலும் வரும். தொற்று, கருப்பை உட்படலம் வெளியே வளரும் நோய் போன்றவை வலியைத் தரும்.

ஆண்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகலானவை. அதனால் ரத்தக்குழாய் அடைப்பு நோய் சிலருக்கு முதலில் விறைப்புக் குறைபாடாகத் தலைகாட்டி, சில ஆண்டுகள் கழித்தே நெஞ்சுவலியாக வெளிப்படுகிறது. வெட்கப்பட்டு மறைத்த அறிகுறி, உயிரைக் காக்க வந்த எச்சரிக்கையாக இருக்கலாம். தூக்கத்திலோ விடியற்காலையிலோ விறைப்பு சரியாக வந்து, துணையோடு இருக்கும்போது மட்டும் வராவிட்டால், மனப்பதற்றம் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் இது ஒரு தடயம்தான், தீர்ப்பல்ல. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாபில் (வயாகரா) மாத்திரை விறைப்புக் குறைபாடு உள்ள பலருக்கு உதவுகிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் அதைத் தொட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். எனவே மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

இந்த முதல் படியில் எனக்கு ஒரு கசப்பு உண்டு. நான் பார்த்த முதல் மருத்துவர், “எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். பொறுத்துக்கொண்டேன். வலி கூடியது. பொறுத்துக்கொள்ளச் சொல்லும் ஆலோசனை வலிக்குச் சிகிச்சை அல்ல. அப்படிச் சொன்னால் இன்னொருவரைப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஆளைத் தேர்ந்தெடுப்பது

உளவியலாளர், மனநல மருத்துவர், மருத்துவர், குடும்ப ஆலோசகர் ஆகியோரில் பாலியல் சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தனிப்பயிற்சிதான் முக்கியம். எங்கே பயின்றீர்கள், என்னுடையது போன்ற சிக்கலை முன்பு கையாண்டிருக்கிறீர்களா, எப்படிப்பட்ட முறையில் வேலை செய்கிறீர்கள், நான் சொல்வது யாரிடம் போகும் என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். நல்லவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

விலகி நடக்க வேண்டியவர்களை அடையாளம் காண்பது சுலபம். இத்தனை நாளில் குணம் என்று உத்தரவாதம் தருவார்கள். என்னவென்று சொல்லாத மருந்தை அவர்களே விற்பார்கள். சுய இன்பத்தால் நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது, வீரியம் வடிந்துவிட்டது என்று முதலில் பயமுறுத்துவார்கள். சுய இன்பம் நரம்பையும் கெடுக்காது, ஆண்மையையும் குறைக்காது. இந்த ஒரு பயத்தை வைத்தே தலைமுறை தலைமுறையாக இளைஞர்களிடம் காசு பறிக்கப்பட்டிருக்கிறது. ‘இயற்கை வீரிய மருந்து’ என்று விற்கப்படும் பொருள்களில் சொல்லாமல் சில்டெனாபில் கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதய நோயாளி ஒருவர் அதை விழுங்கினால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். உங்கள் பாலின ஈர்ப்பையே ‘மாற்றித் தருகிறேன்’ என்பவரிடமும் போகாதீர்கள். அது நோயும் அல்ல, அந்த முயற்சி சிகிச்சையும் அல்ல.

மூன்றாம் படி: துணையிடம் சொல்வது, தாளில் எழுதுவது

எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுதான். படுக்கையில், ஒரு முயற்சி தோற்ற கையோடு இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். இருவருக்கும் காயம் பச்சையாக இருக்கும் நேரம் அது. பகலில், நடந்துபோகும்போதோ வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போதோ பேசுவது எளிது. முகத்துக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை. நான் பலநாள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்து இப்படிச் சொன்னேன்: “உங்களோடு நெருக்கமாக இருக்க எனக்கு ஆசைதான். வலிதான் பயமுறுத்துகிறது. இதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்களாம். நான் போகலாம் என்றிருக்கிறேன், நீங்களும் கூட வருகிறீர்களா?” அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “உனக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார். மூன்று ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, எனக்கு வலி என்று நானும், தன்னைப் பிடிக்கவில்லை என்று அவரும் தனித்தனியாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

துணை வர மறுத்தால் தனியாகப் போங்கள். ஒருவர் தெளிவடைவதே வீட்டுக்குள் நிறைய மாற்றும்.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எப்போதுமே அப்படியா அல்லது இடையில் வந்ததா, தனியாக இருக்கும்போதும் உண்டா, என்னென்ன முயன்றீர்கள், என்ன மருந்துகள் எடுக்கிறீர்கள், கடைசியாக, என்ன மாறினால் போதும் என்று நினைக்கிறீர்கள். வாய் திறக்காவிட்டால் தாளை நீட்டிவிடலாம். நான் அப்படித்தான் நீட்டினேன்.

நான்காம் படி: முதல் சந்திப்புகள்

ஒரு சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். முதல் சில சந்திப்புகள் முழுக்கக் கேள்விகள்தான். சின்ன வயதில் உடலைப் பற்றி என்ன சொல்லி வளர்த்தார்கள், முதல் அனுபவம் எப்படி இருந்தது, விருப்பமில்லாமல் யாராவது தொட்டிருக்கிறார்களா, இப்போதைய சண்டைகள், தூக்கம், வேலைப்பளு எல்லாம் வரும். பதில் சொல்லப் பிடிக்காத கேள்விக்கு “இன்று வேண்டாம்” என்று சொல்லலாம். தம்பதிகளைத் தனித்தனியாகவும் பார்ப்பார்கள். அப்படித் தனியாகச் சொல்வதை மற்றவரிடம் சொல்வாரா, மாட்டாரா என்பதை அதற்கு முன்பே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இதில் ஒவ்வொரு சிகிச்சையாளருக்கும் ஒவ்வொரு விதி.

உளவியலாளர் ஜாக் அனன் 1976இல் இந்தச் சிகிச்சையை நான்கு படிகளாக வகுத்தார். அனுமதி, அளவான தகவல், குறிப்பான யோசனைகள், கடைசியாகத் தீவிர சிகிச்சை. எல்லோரும் நான்காம் படிவரை போவதில்லை. ‘இப்படித் தோன்றுவது இயல்புதான், இதைப் பற்றிப் பேசலாம்’ என்ற அனுமதியும் சரியான தகவலுமே பலருக்குப் போதுமானதாகிவிடுகிறது. ஒரு எடுத்துக்காட்டு: புணர்ச்சியால் மட்டும் பெரும்பாலான பெண்களுக்கு உச்சம் வருவதில்லை, அதற்கு யோனி வாயிலுக்கு மேலே உள்ள உணர்வுமிக்க சிறு உறுப்பான கிளிட்டோரிஸ் தூண்டப்பட வேண்டும். இந்த ஒரு தகவலை அறியாமல், தங்களிடம்தான் குறை என்று பல ஆண்டுகள் கலங்கியவர்கள் எத்தனையோ பேர். இன்னொன்று: 2005இல் வெளியான ஒரு ஆய்வில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 500 தம்பதிகள் கடிகாரம் வைத்து அளந்தார்கள். புணர்ச்சி தொடங்கி விந்து வெளியேறும் வரை ஆன நேரத்தின் இடைநிலை அளவு 5.4 நிமிடம். ஒரு நிமிடத்துக்கும் குறைவிலிருந்து 44 நிமிடம் வரை பரவியிருந்தது. அரைமணி நேரம் தாங்குவதுதான் ஆண்மை என்று நம்பி வருகிற ஒருவருக்கு இந்த எண்ணே மருந்து.

ஐந்தாம் படி: வீட்டில் செய்யும் பயிற்சி

வில்லியம் மாஸ்டர்ஸ் என்ற மருத்துவரும் வர்ஜீனியா ஜான்சனும் 1970இல் வெளியிட்ட நூலின் வழியாக உலகெங்கும் பரவியது தொடுவுணர்வுப் பயிற்சி. இன்றைக்கும் பாலியல் சிகிச்சையின் முதுகெலும்பு அதுதான். அதன் முதல் விதி எல்லோரையும் திகைக்க வைக்கும்: உடலுறவு கூடாது. சிகிச்சையாளர் சொல்லும்வரை முழுத் தடை.

ஏன் என்பதை அனுபவித்த பிறகுதான் முழுதாக உணர்ந்தேன். தோல்வியைக் கண்டு பயந்தவர்கள் படுக்கையில் தங்களையே வெளியிலிருந்து கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள். ‘விறைப்பு வருகிறதா, வலிக்கப் போகிறதா, துணைக்குச் சலிப்பாக இருக்குமோ?’ தேர்வறையில் கண்காணிப்பாளர் தலைக்கு மேல் நிற்கும்போது தெரிந்த விடையும் மறந்துபோவது போல, அந்தக் கண்காணிப்பே உடலை முடக்கிவிடுகிறது. தடை விதித்ததும் தேர்வு ரத்தாகிவிடுகிறது. தோற்க எதுவும் இல்லை.

பயிற்சி இப்படிப் போகும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், யாரும் கதவைத் தட்டாத நேரம். முதல் கட்டத்தில் மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டுவிட்டு மற்ற இடங்களை ஒருவர் தொட வேண்டும், மற்றவர் வெறுமனே படுத்திருக்க வேண்டும். பிறகு முறை மாற வேண்டும். தொடுபவர் துணைக்கு இன்பம் தர முயலக் கூடாது. வெதுவெதுப்பு, வழவழப்பு, அழுத்தம் என்று தன் விரல்களுக்குத் தெரிவதை மட்டும் கவனிக்க வேண்டும். தொடப்படுபவர் பிடிக்காததை மட்டும் சொன்னால் போதும், அல்லது கையை எடுத்து வேறிடத்தில் வைக்கலாம். மனம் அலைந்தால் மறுபடி விரல் நுனிக்குத் திரும்ப வேண்டும். சில வாரங்கள் இது இயல்பாகிய பிறகு மற்ற இடங்களும், இன்னும் பிறகு மெல்ல மெல்ல உடலுறவும் சேரும். அடுத்த கட்டத்துக்கு எப்போது போவது என்பதை மூவரும் பேசி முடிவெடுப்பீர்கள்.

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இரண்டாம் வாரம் உடல் ஒத்துழைத்துவிடும். இன்றைக்கு நன்றாக இருக்கிறதே என்று விதியை மீறிவிடுவார்கள். அடுத்த முறையிலிருந்து ஒவ்வொரு தொடுதலுக்குப் பின்னாலும் பழைய எதிர்பார்ப்பு வந்து உட்கார்ந்துவிடும். தடையைக் காப்பாற்றுங்கள். அது தரும் பாதுகாப்புதான் சிகிச்சை.

நான் வலிக்குப் பயந்து அணைப்பையே தவிர்க்கத் தொடங்கியிருந்தேன். அணைத்தால் அடுத்தது வருமே. அவர் தூங்கும்வரை சமையலறையில் ஏதாவது வேலையை உண்டாக்கிக்கொண்டு நிற்பேன். தடை வந்த முதல் வாரத்தில், மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக, அவர் கை தோளில் விழுந்தபோது என் உடல் இறுகவில்லை. அந்தக் கைக்கு அன்று வேறு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

அவரவர் சிக்கலுக்கு ஏற்ற வேறு பயிற்சிகளும் சேரும். என்னுடையதில் யோனியைச் சுற்றியுள்ள இடுப்புத் தளத் தசைகள் என்னைக் கேளாமலே இறுகிவிடும். கண்ணருகே விரல் வந்தால் இமை தானாக மூடிக்கொள்வது போன்ற தற்காப்பு அது. பிடிவாதமும் அல்ல, வெறுப்பும் அல்ல. இடுப்புத் தள இயன்முறை மருத்துவர் மூச்சை வெளிவிட்டபடி தசையைத் தளர்த்தக் கற்றுத் தந்தார். பிறகு டைலேட்டர் எனப்படும் வழவழப்பான உருளைகள். விரலைவிட மெல்லியதில் தொடங்கி, தாராளமாக ஜெல் தடவி, என் கையால், என் வேகத்தில். வலித்தால் நிறுத்த வேண்டும். அடுத்த அளவுக்கு அவசரமே இல்லை. ஒரே அளவில் நான் ஐந்து வாரம் நின்றேன், யாரும் என்னை நெருக்கவில்லை.

விந்து முந்துவதற்கு, சிறுநீர்ப்பாதை மருத்துவர் ஜேம்ஸ் சீமன்ஸ் 1956இல் விவரித்த ‘நிறுத்தித் தொடங்கும்’ முறை இன்றும் கற்றுத் தரப்படுகிறது: உச்சம் நெருங்கும் கட்டத்தை அடையாளம் கண்டு தூண்டுதலை நிறுத்தி, தணிந்ததும் மீண்டும் தொடங்குவது. சிலருக்கு மருந்தும் சேர்த்துத் தருவார்கள்.

ஆசை குறைந்தவர்களுக்கு இரண்டு கருத்துகள் கண்திறப்பாக இருக்கும். ரோஸ்மேரி பாசன் என்ற மருத்துவர் 2000இல் சொன்னது ஒன்று: ஆசை எப்போதும் முதலில் வர வேண்டியதில்லை. நெருக்கமும் இதமான தொடுதலும் தொடங்கிய பிறகு பின்னால் எழும் ஆசையும் முழுமையான ஆசைதான். மற்றொன்று, பாலியல் ஆய்வாளர்கள் ஜான் பான்கிராஃப்டும் எரிக் யான்சனும் முன்வைத்தது: பாலியல் எழுச்சிக்கு முடுக்கியும் உண்டு, பிரேக்கும் உண்டு. முடுக்கியை எவ்வளவு அழுத்தினாலும், கவலை, களைப்பு, தீராத மனத்தாங்கல், பக்கத்து அறையில் ஆள் நடமாட்டம் என்று பிரேக்கும் சேர்ந்து அழுத்தப்பட்டிருந்தால் வண்டி நகராது. அதனால் சிகிச்சையாளர் வீட்டு வேலை யார் செய்கிறார்கள் என்று கேட்டால் வியக்காதீர்கள்.

எதிர்பார்ப்பும் எல்லையும்

காலம் சில வாரங்களாகவும் இருக்கலாம், பல மாதங்களாகவும் இருக்கலாம். முன்னே இரண்டடி, பின்னே ஓரடி என்றுதான் போகும். ஐந்தாறு சந்திப்புக்குப் பிறகும் இவரிடம் மனம் திறக்கவில்லை என்று தோன்றினால் அவரிடமே சொல்லுங்கள். சரிவராவிட்டால் ஆளை மாற்றுங்கள். இணையவழிச் சந்திப்பும் பலருக்குப் பலன் தருகிறது, ஆனால் வீட்டில் யார் காதிலும் விழாத இடம் வேண்டும்.

வீட்டில் அடியோ மிரட்டலோ கட்டாயமோ இருந்தால், தம்பதியாகச் சேர்ந்து போவது சரியான வழி அல்ல. அங்கே வேண்டியது முதலில் பாதுகாப்பு. அந்தச் சூழ்நிலையில் உடல் இறுகுவதும் ஆசை ஒடுங்குவதும் குறைபாடே இல்லை. சிகிச்சையாளரிடம் தனியாகப் போய் உண்மையைச் சொல்லுங்கள்.

எங்களுக்குப் பதினொரு மாதம் ஆனது. கடைசிச் சந்திப்பில் சிகிச்சையாளர் ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, “மீண்டும் வந்தால் என்ன செய்வீர்கள் என்று இருவரும் எழுதுங்கள்” என்றார். பிரசவம், நோய், வேலை நெருக்கடி என்று எந்த இடறலிலும் பழைய சிக்கல் எட்டிப் பார்க்கும் என்பதால் பலரிடமும் இதை எழுதி வாங்குகிறார்கள். வலி என்றால் வலி என்று அன்றே சொல்வது, இரண்டு வாரம் தடையை நாங்களே போட்டுக்கொள்வது, முதல் கட்டத்திலிருந்து தொடங்குவது, ஒரு மாதத்தில் மாறாவிட்டால் அவரை அழைப்பது என்று நான்கு வரி எழுதினோம். அலமாரியில் துணிகளுக்கு அடியில் அந்தத் தாள் இருக்கிறது. மகள் பிறந்த பிறகு ஒருமுறை எடுத்தோம். இரண்டாவது வரியோடு வேலை முடிந்துவிட்டது.